வேலா மரத்தை வெட்டினால் கொறங்காட்டில் புல் கூடுமா?

09-06-2024, வெடியால 6.50 (கேள்வி)

எட்டு ஏக்கர் கொறங்காடுங்க (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சக்காடு), வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவுல. சுத்தியும் கிளுவை வேலி, எங்கப்பா காலத்துல வெச்சது. உள்ள வேலா மரம் ஏக்கருக்கு இருவது இருக்கும். செம்மறி நாப்பது, மாடு ரெண்டு, கன்னு ஒண்ணு. வருஷம் முச்சூடும் அதுக்குள்ளதான் மேயுது. கொழுக்கட்டைப் புல்லு வருஷத்துக்கு வருஷம் கொறையுது, மரத்தடியில ஒண்ணுமே இல்ல. மரந்தான் புல்லைத் திங்குது, பாதியை வித்துப்போட்டு உழுது நீலக்கொழுக்கட்டை வெதச்சா தீவனம் ரெட்டிப்பாகுமுன்னு பக்கத்துக் காட்டுக்காரர் சொல்றார். மர யாவாரி வந்து பாத்துட்டும் போயிட்டார். உண்ணி வேற தாங்க முடியல. வெட்டலாமுங்களா?

09-06-2024, இரவு 9.15 (பதில்)

இப்போதைக்கு வெட்ட வேண்டாமுங்க. வெட்டின மரம் திரும்ப அந்தப் பருமனுக்கு வர ஒரு தலைமுறை ஆகும். புல் குறைந்ததற்கு மரம்தான் காரணமா என்று பார்த்துவிட்டு முடிவு எடுங்க.

வேலா மரத்துக்கு, அதாவது வெள்வேலுக்கு, இலை சின்னது, நிழல் சல்லடை மாதிரி விழும். மரத்தடி மொட்டையாகக் கிடப்பதற்கு நிழலைவிட மிதிதான் பெரிய காரணம். பங்குனி சித்திரையில் பதினொரு மணிக்கு நிழலுக்கு வந்த ஆடு மாடு மூன்று மணி வரைக்கும் நகராது. அத்தனை குளம்பும் ஒரே இடத்தில் மிதித்தால் மண் களம் மாதிரி இறுகிவிடும், மழைத்தண்ணி உள்ளே இறங்காமல் ஓடிவிடும். இன்னொன்றும் அங்கே நடக்கிறது. காடு முழுக்க மேய்ந்த புல்லின் சத்து சாணமாகவும் மூத்திரமாகவும் மரத்தடியில்தான் விழுகிறது. வெளிக்காடு இளைக்கிறது, மரத்தடியில் சத்து இருந்தும் முளைக்க வழியில்லை.

புல் காய்ந்து சருகாகக் கிடக்கும் கோடையில் ஆட்டுக்குப் புரதம் தருவது உதிரும் வேலங்காய்தான். மரம் போனால் அந்த மாதங்களுக்குப் புண்ணாக்கு வாங்க வேண்டிவரும். யாவாரி தரும் காசோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

10-06-2024

சோதிச்சுப் பாக்கறது எப்படின்னு கேட்டிருக்கீங்க. நாலு சதுரம் போதும்.

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். ஒன்று மரத்தடியில், சுற்றி முள் அடைத்து ஆடு வாய் வைக்காதபடி. ஒன்று வெளிக்காட்டில், அதேபோல் முள் அடைத்து. இவை இரண்டுக்கும் பக்கத்திலேயே முள் அடைக்காமல் ஒவ்வொரு சதுரம், மூலைக்கு ஒரு கல் மட்டும். அடைக்க நல்ல காய்ந்த வேலா முள்ளே போதும், ஆனால் இடுப்பு உயரம் வேண்டும். வெள்ளாடு பக்கத்துக் காட்டிலிருந்து வருமென்றால் கம்பி கட்டுங்க, முள்ளுக்கு மேலே காலை வைத்து எட்டித் தின்றுவிடும்.

ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, புல் கதிர் வாங்கின பிறகு, நாலிலும் நடுவில் ஒரு மீட்டர் சதுரம் சட்டம் வைத்து அறுத்து, தனித்தனியாக நிழலில் சரசரவென்று காய வைத்து எடை போடுங்க. வேரோடு பிடுங்கக் கூடாது, தரையிலிருந்து மூன்று விரல் விட்டு அறுக்கணும். ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4 கிலோ. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அதனால் இந்தக் கணக்கு எங்கேயும் பொருந்தும்.

மரத்தடியில் முள் அடைத்தது, அடைக்காதது, இரண்டும் ஒரே மாதிரி மொட்டையாக இருந்தால் மரம்தான் காரணம், பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னது சரி. அடைத்ததில் புல் வந்தால் உங்க கேள்விக்குப் பதில் வேற.

16-06-2024

முதல் பதிலில் ஆட்டுக் கணக்கைச் சொல்லாமல் விட்டது தப்பு. அதுதான் இங்கே பெரிய விஷயம்.

முப்பது கிலோ செம்மறி ஒரு நாளைக்கு ஒரு கிலோ அளவுக்குக் காய்ந்த எடையில் தீவனம் தின்னும். நாற்பது ஆட்டுக்கு 40 கிலோ. காங்கயம் மாடு ஒன்றுக்கு 7 கிலோ, கன்றுக்கு 3 என்று வைத்தால் மொத்தம் 57 கிலோ. வருஷத்துக்கு 20 டன்னைத் தாண்டுகிறது. எட்டு ஏக்கர் மானாவாரிக் கொறங்காடு நல்ல மழை வருஷத்திலும் அதைத் தராது. நீங்க வெளியிலிருந்து சோளத்தட்டு எவ்வளவு போடுறீங்க என்று எழுதுங்க.

எவ்வளவு தின்கிறது என்பதோடு எப்படித் தின்கிறது என்பதையும் பார்க்கணும். மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்துப் பிடுங்கும், அதனால் தரையை ஒட்டி மேய முடியாது, நாலு விரல் கட்டை நிற்கும். செம்மறிக்கு மேலுதடு பிளந்தது, பல்லைத் தரையில் வைத்துக் கத்தரிக்கும். வெள்ளாடு தலையைத் தூக்கித் தழைக்குப் போகும். மாடு மேய்ந்த காட்டில் பின்னால் செம்மறி விட்டால் மாடு விட்ட கட்டையில் அது பசியாறும். செம்மறியை முதலில் விட்டால் பின்னால் வரும் மாட்டுக்கு நாக்கில் சிக்க ஒன்றும் இருக்காது.

ஒரு கொழுக்கட்டைத் தூரைத் தோண்டிப் பார்த்தால் இந்தக் கத்தரிப்பு என்ன செய்கிறது என்று தெரியும். மண்ணுக்கும் கதிருக்கும் நடுவில், தூரின் அடியில் ஒவ்வொரு தண்டும் வெங்காயத் தாள் அடி மாதிரிக் கொஞ்சம் பருத்து வெளிறியிருக்கும். சேமிப்பு அங்கேதான். மழை விழுந்ததும் முதல் இலை அந்தச் சேமிப்பிலிருந்துதான் வரும். வந்த இலை வெயிலில் சமைத்துத் திரும்ப அடியில் சேர்ப்பதற்குள் ஆடு கத்தரித்தால் தூர் மறுபடி கடனில் துளிர்க்கும். மூன்று தடவை அப்படி நடந்தால் வேர் பின்வாங்கும். ஓய்வு கிடைத்த தூரைக் கடப்பாரையால் நெம்பினாலும் மண்கட்டியோடுதான் வரும். ஓயாமல் மேய்ந்த தூர் கையால் இழுத்தாலே வந்துவிடும், வேர் ஒரு சாண்கூட இருக்காது, நடுவில் செத்துக் கறுத்து ஓரத்தில் மட்டும் பத்துத் தண்டு உயிரோடு நிற்கும். உங்க காட்டில் நாலு தூரை இழுத்துப் பாருங்க.

17-06-2024 (கேட்டவர்)

இழுத்தேனுங்க. அஞ்சுல நாலு கையோட வந்துருச்சு. சோளத்தட்டு ரெண்டு ஏக்கர்ல வர்றது மட்டுந்தான்.

17-06-2024

அப்படியென்றால் மரத்தைக் குறை சொல்லுமுன் நடுவேலியைப் பற்றி யோசிக்கணும். பழைய கொறங்காடு எல்லாம் துண்டு துண்டாகக் கிளுவை வேலி போட்டு, உள்ளே போகக் கடவு வைத்து, அதை மூடப் படல் கட்டி மாற்றி மாற்றி மேய்த்ததுதான். பெரிய காட்டை ஒரே திறப்பாக வைத்தால் ஆடு ருசியான தூரையே தேடிப்போய் நாலாம் நாளும் அதையே கடிக்கும். கொழிஞ்சியையும் தும்பையையும் தொடாது. பத்து வருஷத்தில் ஆடு தொடாததெல்லாம் பெருகி, தொட்டதெல்லாம் அழியும்.

23-06-2024

உண்ணி பற்றி. மூலனூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், உண்ணிக்கொக்கு குறைந்ததால்தான் உண்ணி கூடிவிட்டது என்கிறார். பேர் அப்படி இருந்தாலும் அந்தக் கொக்கு மாட்டோடு நடப்பது வெட்டுக்கிளிக்காக. மாட்டுக் கால் கிளப்பிவிடும் வெட்டுக்கிளி, தத்துக்கிளி, பூச்சிதான் அதற்கு முக்கிய இரை. உண்ணியைக் கொத்துவது உண்டு, ஆனால் மாட்டு உண்ணியை அடக்கும் அளவுக்கு இல்லை. கரிச்சான் மாட்டு முதுகில் சவாரி போவதும் பறக்கும் பூச்சிக்காகத்தான். இவை இரண்டும் வெட்டுக்கிளியைக் குறைப்பது புல்லுக்கு நேரடி லாபம், வறண்ட வருஷத்தில் வெட்டுக்கிளியும் ஒரு மந்தைதான்.

மாட்டில் காணும் சாம்பல் நிற உண்ணி குஞ்சாக ஏறி, இரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை மாதிரி ஊதிக் கீழே விழும் வரை சுமார் மூன்று வாரம் ஒரே மாட்டில்தான் இருக்கும். கீழே விழுந்த பெட்டை மண் இடுக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை வைத்துச் சாகும். குஞ்சு புல் நுனியில் ஏறி அடுத்த மாட்டுக்குக் காத்திருக்கும்.

மாடு அதிக நேரம் நிற்கும் இடத்தில்தான் பெட்டை அதிகம் விழும். உங்க காட்டில் அது மரத்தடி. எட்டு ஏக்கரிலும் நிழல் ஒன்றுபோல இருந்தால் மாடு பரவி நிற்கும். பாதி மரத்தை வெட்டினால் மீதி மரத்தடியில் மாடும் ஆடும் இரண்டு மடங்கு நெருங்கும். மிதியும் உண்ணியும் அங்கே இரட்டிப்பாகும். மரத்தை வெட்டி உண்ணியைக் குறைக்க முடியாதுங்க.

காட்டை மாற்றி ஓய்வு விட்டால் காத்திருக்கும் குஞ்சு பட்டினியில் சாகும். கோடையில் இது சீக்கிரம் நடக்கும், மழை மாதங்களில் ஈரம் இருப்பதால் குஞ்சு மாதக்கணக்கில் தாங்கும். அதனால் நாற்பது நாள் ஓய்வு புல்லுக்குப் போதும், உண்ணிக்குப் போதாது. கோடையில் ஒரு துண்டையாவது மூன்று நாலு மாதம் மாடு இல்லாமல் வைக்க முடிந்தால் உண்ணிக்கும் பலன் தெரியும்.

02-07-2024

உண்ணிக்கு என்ன மருந்து போடுறீங்க என்று நான் கேட்டதற்கு "ஊசி போட்டுட்டேன், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போடறேன்" என்று பதில் வந்திருக்கிறது. உண்ணியையும் குடற்புழுவையும் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியாக இருக்கும், பாட்டிலைப் பாருங்க. இது புல் குறைவோடு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

காலையில் விழுந்த ஒரு சாணத்தைச் சாயங்காலம் ஒரு குச்சியால் புரட்டுங்க. நல்ல காட்டில், அதுவும் மழைக்குப் பிறகு, மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே பொடிப்பொடியாகிக் காற்று ஓடியிருக்கும். அடியில் பென்சில் பருமனில் ஓட்டைகள், ஒவ்வொன்றின் வாயிலும் புதுமண் குவியல். அந்தக் குவியல் சாணி வண்டு கீழே தோண்டி மேலே தள்ளிய மண். தள்ளிய இடத்தில் சாணத்தை இறக்கி, உருண்டை பிடித்து, உருண்டைக்கு ஒரு முட்டை வைக்கும். புழு அந்தச் சாணத்தைத் தின்று வளரும். பகலில் சாணத்தை உருட்டிக்கொண்டு போகும் வண்டு வேறு இனம், அது பத்து இருபது அடி தள்ளிப் புதைக்கும். சாணத்துக்குள்ளேயே குடியிருக்கும் சின்ன வண்டும் உண்டு. மூன்றும் சேர்ந்தால் சாணம் இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் போய்விடும். எருவும் வேருக்குப் போகிறது, மழைத்தண்ணி இறங்க ஓட்டையும் கிடைக்கிறது, ஈ முட்டை வைக்க இடமும் இல்லாமல் போகிறது.

ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து வாரக்கணக்கில் வெளியேறும். வளர்ந்த வண்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், அது வைத்த முட்டையிலிருந்து வரும் புழு சாகும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி என்றால் வண்டுக்குத் தலைமுறை நிற்காது. சாணம் வறட்டி மாதிரிக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும், அதன் அடியில் புல் வெளுத்துச் சாகும், சுற்றி முளைக்கும் புல்லை மாடு மூக்கை வைத்துவிட்டு ஒதுக்கும்.

வண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. அங்கே இருந்த வண்டுகள் கங்காரு புழுக்கைக்குப் பழகினவை, வெளியிலிருந்து போன மாட்டின் சாணத்தை அவை பெரிதாகத் தொடவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணம் மூடி, ஈ பெருகி, ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளர் சொன்ன யோசனைப்படி 1960-களின் கடைசியிலிருந்து வெளிநாட்டு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு வண்டு இங்கேயே இருக்கிறது.

03-07-2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஊசியை அடியோடு நிறுத்தச் சொன்னதாகப் படிக்க வேண்டாம். சொறி, கடும் உண்ணி என்றால் போடத்தான் வேண்டும். போட்ட மாட்டை இரண்டு வாரத்துக்குக் கட்டுத்தறியிலேயே வைத்துத் தீவனம் போட்டு, சாணத்தைக் குப்பைக்குழியில் மக்க விடுங்க. மழை விழுந்து வண்டு கிளம்பும் மாதங்களில் கூடுமானவரை தள்ளிப்போடுங்க. குடற்புழுவுக்கு மட்டும் என்றால் பென்பெண்டசோல் வகை வண்டுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. உண்ணிக்கு மேலே தெளிக்கும் டெல்டாமெத்ரின் வகையும் சாணம் வழியாக வண்டைக் கொல்லும், அதை மறந்துவிட்டேன்.

28-07-2024

ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்றாலைக் காத்தாடியைச் சுற்றும், மொட்டைக் காட்டின் மேல்மண்ணையும் கொண்டுபோகும். தூர் இருக்கும் இடத்தில் மண் தேங்கிச் சின்ன மேடு கட்டியிருக்கும், தூர் செத்த இடத்தில் கல் தெரியும். கிளுவை வேலி ஓரத்தில் மண் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தாலே வேலி என்ன வேலை செய்கிறது என்று தெரியும். வேலிக்குள் கோவைக்கொடி, பெரண்டை, பச்சோந்தி, கீரி, கொம்புத்தேன் எல்லாம் சேர்த்தி.

நீலக்கொழுக்கட்டை விதைக்கலாமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. விதைக்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் இந்த மண்ணுக்கு ஒத்துப்போகும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. புது விதை உறக்கத்தில் இருக்கும், அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது. பழைய விதையாக எடுக்கணும், இல்லாவிட்டால் பொட்டாசியம் நைட்ரேட் ஒரு சதக் கரைசலில் 48 மணி நேரம் ஊறவைக்கணும். விதை பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஈர மணலில் கலந்து தூவுங்க. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மூடினால் முளை வெளியே வராது. ஆழ உழுது விதைத்துப் போன காடுகள் நிறைய. கூடவே முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனம், மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை. அதன் விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிஷம் போட்டு எடுத்து, இரவு பச்சைத்தண்ணியில் ஊறவைத்து விதைக்கணும்.

ஆனால் ஓய்வு இல்லாத காட்டில் எந்த ரகம் போட்டாலும் மூன்றாம் வருஷம் இதே கேள்வியோடு வருவீங்க. முதல் வருஷம் கதிர் விட்டு விதை கொட்டும் வரை ஆடு உள்ளே போகவே கூடாது. இருக்கும் புல்லுக்கும் அப்படி ஒரு வருஷம் விட்டால் அதுவே விதைத்துக்கொள்ளும், காசு மிச்சம்.

இதே கொழுக்கட்டைப் புல்லை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் தீவனத்துக்கென்று கொண்டுபோனார்கள். இன்று அரிசோனாப் பாலைவனத்தில் அது தீயைக் கடத்தி, நெருப்புக்குப் பழகாத கள்ளிகளை அழிக்கிறது. இங்கே மாடும் செம்மறியும் கறையானும் வெட்டுக்கிளியும் அதைக் கூடவே இருந்து தின்று பழகினவை, அதனால் அடங்கியிருக்கிறது.

11-08-2024

வேலிகாத்தான் (சீமைக்கருவேல்) முளைத்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கீங்க. உடனே எடுங்க, இந்த வருஷமே. வெள்வேலையும் சீமைக்கருவேலையும் ஒன்றாக எண்ணிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். வெள்வேல் புல்லோடு வாழும். வேலிகாத்தான் தழைத்து அடர்ந்தால் அடியில் புல்லை விடாது.

அதைப் பரப்புவது நம்ம மாடுதான். காய் இனிப்பு, விதைத்தோல் கெட்டி, மாட்டு வயிற்றைத் தாண்டி முழுசாக, எருவோடு சேர்ந்து விழும். ஆடு மென்று பாதியை நொறுக்கிவிடும், மாடு அப்படி நொறுக்காது. காய் பழுக்கும் பருவத்தில் வெளியே மேய்ந்துவிட்டு வரும் மாட்டை நாலைந்து நாள் கட்டுத்தறியில் வைத்துவிட்டுக் காட்டுக்குள் விடுங்க.

வெட்டும்போது தரைக்கு மேல் வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். மொட்டெல்லாம் மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில் இருக்கிறது. ஒரு சாண் தோண்டி அதற்குக் கீழே வெட்டணும். முழங்கால் உயரச் செடியை மழை விழுந்த இரண்டாம் நாள் கையாலேயே பிடுங்கலாம்.

20-10-2024

மழை நல்லா இறங்கிருச்சுன்னு மூன்று பேர் எழுதியிருக்கீங்க. சந்தோஷம். பச்சை தெரிந்ததும் படலைத் திறந்துவிடாதீங்க. முழங்கால் உயரம் வரட்டும், விட்டபின் நாலு விரலுக்கு வந்ததும் எடுத்துவிடுங்க.

செம்மறிக்கு இந்த மாதம்தான் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. ஒரு பெட்டைப்புழு நாளைக்கு ஐயாயிரம் முட்டைகூட விடும். ஈரத்திலும் சூட்டிலும் ஒரு வாரத்துக்குள் குஞ்சாகிப் புல்லில் ஏறும், பெரும்பாலும் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்துக்குள். தரையை ஒட்டி மேய்ந்த காட்டில் ஆடு புல்லோடு புழுவையும் சேர்த்துத் தின்கிறது. பனி காய்ந்த பிறகு ஓட்டுங்க. கீழ் இமையை இழுத்துப் பாருங்க, உள்ளே சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் கொடுங்க. தாடை வீங்கியிருந்தால் அன்றே. மந்தை முழுக்க ஒரே நாளில் மருந்து ஊற்றினால் மருந்துக்கு மசியாத புழு மட்டும் மிஞ்சி, அதுவே பெருகும்.

மாட்டைக் கூட மேய்ப்பதில் இங்கே ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஆட்டுப்புழு வளர்ந்த மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் பிழைக்காது. மாடு மேய்ந்து போன துண்டில் ஆட்டுப்புழு குறைந்திருக்கும். ஜூன் மாதம் மாடு முன்னால் ஆடு பின்னால் என்று எழுதியது தீவனத்துக்காக. இதற்காகவும் அதையே செய்யுங்க.

05-11-2024

கறையானுக்கு மருந்து அடிக்கலாமா என்று ஒருவர். புல் காட்டில் வேண்டாமுங்க. காய்ந்த தட்டையும் சருகையும் வறட்டியையும் மண்ணுக்குள் கொண்டுபோவது கறையான். ஈசல் பறக்கும் அன்றைக்கு கரிச்சான், மைனா, ஓணான், கவுதாரி எல்லாம் வயிறு நிறைய வாங்குகிறது. வீட்டு மரச்சாமானுக்கு வரும் கறையான் கணக்கைக் காட்டில் போடக் கூடாது.

மயில் பற்றி நிறைய எழுதியிருக்கீங்க. நரி குறைந்ததால் மயில் பெருகியது என்று எல்லாரும் சொல்வது. தரையில் முட்டை வைக்கும் பறவைக்கு நரியும் கீரியும் உடும்பும் எதிரி என்பது உண்மைதான். ஆனால் இறைக்கிற தோட்டமும் பதுங்க வேலிகாத்தான் புதரும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்ததும் மயிலுக்கு வாய்ப்புதான். புதரை எடுப்பது நம்ம கையில் இருக்கிறது.

ஆள்காட்டிக் குருவி பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் வெறும் தரையில் நாலு முட்டை வைக்கும், சரளைக்கல் மாதிரியே இருக்கும். தலைக்குமேல் கத்திச் சுற்றினால் அந்த இடத்துக்கு ஒரு முள் கவையைச் சாத்திவிட்டு ஆட்டைத் திருப்புங்க. ஒரு மாதம் போதும்.

06-11-2024 (மூலனூர்ப் பக்கத்து வாசகர்)

வேலங்காய் நல்லதுன்னு எழுதியிருக்கீங்க. எங்கூர்ல வேலாத்தழை தின்னு ஆடு செத்திருக்குதுங்க. அதையும் எழுதோணுமல்ல?

06-11-2024

எழுதணும், விட்டுப்போச்சு. வெள்வேல் இளந்தழையிலும் பச்சைக் காயிலும் சயனைடு உண்டு. தானாக உதிர்ந்து காய்ந்த காயை ஆடு பொறுக்கித் தின்பதில் ஆபத்து குறைவு. கிளையை வெட்டிப் போட்டு, பசியோடு இருக்கும் மந்தையை அதில் விடுவதுதான் கொல்லும். வாடின இளஞ்சோளப் பயிருக்கும் இதே விஷம்தான், சோளத்தை அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பும் அப்படியே. மூச்சு வாங்கி, வாய்ச்சதை பளிச்சென்று சிவந்து, கொஞ்ச நேரத்தில் விழும். கால்நடை மருத்துவர் உடனே நரம்பில் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் போட்டால் பிழைக்கும். கிளை கழித்தால் தழையை அப்புறப்படுத்திவிட்டு ஆட்டை விடுங்க, அதற்கு முன் வயிற்றில் கொஞ்சம் தட்டாவது இருக்கட்டும்.

15-12-2024 (கேட்டவர்)

அறுத்து எடை போட்டாச்சுங்க. வெளிக்காடு முள் அடைச்சது 165 கிராம், அடைக்காதது 38. மரத்தடி முள் அடைச்சது 110, அடைக்காதது 6. மரத்தடியில கொழுக்கட்டையோட நரிப்பயறும் வந்திருக்குது.

15-12-2024, இரவு

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. முள் அடைத்த இரண்டையும் பாருங்க, 165-க்கு 110. நிழல் மூன்றில் ஒரு பங்கு எடுக்கிறது. ஜூனில் நிழலை இவ்வளவு பெரிய காரணமாக எழுதவில்லை, அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் வெளிக்காட்டில் மரமே இல்லாத இடத்தில் 165 இருக்க வேண்டியது 38 ஆகியிருக்கிறது. ஓயாத மேய்ச்சல் நாலில் மூன்று பங்குக்கு மேல் எடுத்துவிட்டது. அடைக்காததில் அறுத்தது ஆடு தின்றது போக மிச்சம் என்று சொல்லலாம், அது சரிதான். ஆனால் மார்கழி தொடங்குமுன்னே 38 கிராம்தான் மிச்சமென்றால் பங்குனிக்கு என்ன இருக்கும்?

165 கிராம் என்றால் ஏக்கருக்கு 660 கிலோ. எட்டு ஏக்கருக்கு 5.3 டன். பாதியைத் தூருக்கும் மண்ணுக்கும் விட்டால் உங்களுக்கு 2.6 டன். நாளைக்கு 57 கிலோ வீதம் 46 நாள். மீண்டும் துளிர்ப்பதையும் வேலங்காயையும் சோளத்தட்டையும் சேர்த்தாலும் நாற்பது ஆடு வருஷம் முச்சூடும் முடியாது. தை மாதத்திலேயே கெடாய்க்குட்டிகளையும் வயசான ஆட்டையும் விற்றுக் கழியுங்க. சித்திரையில் கண்ணபுரம் தாவணிக்கென்று (கால்நடைச் சந்தை) வைத்திருந்து, அதற்குள் புல்லும் போய் ஆடும் இளைத்தால் இரண்டும் நஷ்டம்.

04-01-2025

இடையில் ஒரு செய்தி. நிமிசுலைடு என்ற வலி மருந்தைக் கால்நடைக்குக் கொடுப்பதற்கு மத்திய அரசு டிசம்பர் 30-ல் தடை போட்டிருக்கிறது. டைக்ளோபினாக் 2006-லும், கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் 2023-லும் தடையானது. இந்த மருந்து உடம்பில் இருக்கும் மாடு செத்து, அதைத் தின்ற பாறு (பிணந்தின்னிக் கழுகு) சிறுநீரகம் போய்ச் சாகும். மாயாறுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகள் நமக்குப் பக்கத்துவீட்டுக்காரர்கள். வலிக்கு மெலாக்சிகம் கேட்டு வாங்குங்க, அது பாறுவுக்குப் பாதுகாப்பானது.

பாறு இல்லாத ஊரில் செத்த மாடும் ரோட்டோரம் கொட்டும் கோழிக்கழிவும் நாய்க்குப் போகிறது. அந்த நாய்க்கூட்டம்தான் ராத்திரி பட்டிக்குள் நுழைகிறது. செத்ததை ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க.

19-01-2025

நாலு துண்டு போதுமா என்று கேட்டதற்கு: போதும். இரண்டிரண்டு ஏக்கர். மழை மாதத்தில் ஒரு துண்டில் பத்துப் பன்னிரண்டு நாள், அப்புறம் அது திரும்ப முழங்காலுக்கு வரும் வரை ஓய்வு. கோடையில் நாள் கணக்கு வேண்டாம், கட்டை உயரத்தைப் பார்த்து மாற்றுங்க. நாலில் ஒன்று ஒவ்வொரு வருஷமும் முறை வைத்து விதை கொட்டும் வரை முழு ஓய்வு.

நடுவேலிக்கு உங்க சுற்றுவேலிக் கிளுவையிலேயே கட்டைவிரலைவிடப் பருத்த கிளைப் போத்தாகப் பார்த்து நாலடி நீளத்துக்கு வெட்டுங்க. வெட்டின கையோடு நடாமல் நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாயில் பால் காய்ந்த பிறகு, கோடைமழை விழுந்ததும் ஒரு அடி ஆழத்தில் நெருக்கி நடுங்க. தண்ணி தேங்கினால் அழுகும். முதல் வருஷம் ஆடு உரசிச் சாய்க்காமல் இருக்க இரண்டு வரிசைக் கம்பி.

மரம் ஒன்றும் இப்போது வேண்டாம். மிக நெருங்கி நிற்பவற்றில் தாழ்ந்த கிளையை மட்டும் கழித்து வெளிச்சம் விடுங்க. நாலு துண்டிலும் மரம் இருக்கும்படி வேலிக்கோட்டை இழுங்க, நிழல் இல்லாத துண்டில் சித்திரையில் மாடு நிற்காது. தண்ணித்தொட்டியை நாலும் கூடுகிற முக்கில் வையுங்க, ஒரு தொட்டிக்கு நாலு கடவு.

20-01-2025 (கேட்டவர்)

யாவாரிகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க. கயிறு புடிச்சுக் கோடு போட்டாச்சு. மேக்கால துண்டை மொத ஓய்வுக்கு விடறேன், அங்கதான் ஆள்காட்டி கத்துது.